கிரேன்காரியும் பச்சை மூடிக் குழாயும்

என் அக்கா கிரேன் ஓட்டுபவள். தரையில் ஊர்ந்து போகும் கிரேன் இல்லை. உயரமான கட்டடம் எழும்பும் இடத்தில், அந்தக் கட்டடத்தையே மேலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஒற்றைக்காலில் ஒன்று நிற்குமே, அது. அதன் உச்சியில் ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு இருக்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு இரும்புக் கம்பிக் கட்டுகளையும் ஜன்னல் கண்ணாடிகளையும் தூக்கி, எந்த மாடியில் கேட்கிறார்களோ அந்த மாடியில் இறக்கி வைப்பாள். கீழே வேலை செய்பவர்கள் அவளை 'மேல்வீட்டுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்வீட்டுக்காரி இறங்கிவிட்டாள் என்றால் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான் செருப்புக் கடையில் வேலை செய்கிறேன். அவள் ஊரார் உச்சந்தலையைப் பார்த்துப் பிழைக்கிறாள், நான் ஊரார் காலைப் பார்த்துப் பிழைக்கிறேன், இரண்டு பேருமே யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். அம்மாவுக்கு எங்களைத் திட்டுவதற்கு இப்படி நிறைய கைவசம் உண்டு.

அக்காவுக்கு நோய் வந்தபோது அது நோய் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிறவள் திடீரென்று வாய் ஓயாமல் பேசினாள். தூக்கம் குறைந்தது, களைப்பு மட்டும் வரவில்லை. வீட்டுச் சாமான்களைத் தினம் ஒரு மூலைக்கு நகர்த்தினாள். சோபாவில் உட்காரப் போன அம்மா, அங்கே சோபா இல்லாததால் தரையில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு ஒருநாள் சைட் இன்ஜினியரிடம் போய், கட்டடத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக் கட்டினால் காற்றுத் தொல்லை குறையும் என்று படம் வரைந்து கொடுத்திருக்கிறாள். பாதிக்கு மேல் எழும்பிவிட்ட கட்டடம் அது. அவர் சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், வேலைக்கு நடுவே, தொங்கிக்கொண்டிருந்த சுமையைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு வாக்கி-டாக்கியில் சொன்னாளாம்: "நான் இறங்கி வரேன். இன்னிக்கு நான் ரொம்ப நல்லா இருக்கேன். இவ்வளவு நல்லா இருக்கக் கூடாது."

அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. தலைகால் புரியாமல் ஓடுகிற மூளையை அந்த மூளையை வைத்தே பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தால் அது கோபம் என்று தெரியவே மறுநாள் ஆகிவிடும். ஆனால் நிர்வாகம் இதை என் மாதிரி பார்க்கவில்லை. ஆபரேட்டர் மேலே இருக்கும்போது மூளை குழம்பிவிட்டது என்று பார்த்தது. லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள்.

அப்புறம் வந்தது இருட்டு. அதே ஆள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தலைசீவ எழுந்திருப்பதே மலை ஏறுகிற வேலையாக இருந்தது அவளுக்கு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள், பதில் வராது. எங்கள் வீட்டில் யாரும் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டர் மெலிந்த பெண்மணி. பாதி நாள் நோயாளிகளைப் பார்ப்பார், பாதி நாள் அதே கட்டடத்தின் மேல்மாடியில் மூளை ஆராய்ச்சி. அக்காவுக்கு வந்திருப்பது பைபோலார் என்றார். ஒரு பக்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் உற்சாகம், மறுபக்கம் எழவே விடாத சோர்வு, இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். மூளைக்குள் ஒரு நரம்பு இன்னொரு நரம்போடு பேசுவதற்குச் சில ரசாயனங்களை அனுப்புகிறது, அந்தப் பேச்சு சிலருக்கு அளவு தவறிவிடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். லித்தியம் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது ஒரு வகை உப்பு, பூமியிலிருந்து தோண்டி எடுப்பது. செல்போன் பேட்டரியில் இருக்கிற அதே சரக்கு என்று தெரிந்ததும், அக்காவுக்கு சார்ஜ் ஏற்றுகிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் பல வாரம் கழித்து முதல்முறையாக உதட்டைச் சுழித்தாள். அதைச் சிரிப்பு என்றே கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை வேலை செய்தது. மெதுவாகத்தான், ஆனால் செய்தது. கொஞ்சம் தேறியதும் அக்கா டாக்டரிடம் கேட்டாள், இந்த உப்பு உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று. டாக்டர் சிறிது யோசித்தார்.

"முழுசாத் தெரியாதும்மா. உதவுதுன்னு தெரியும். எப்படின்னுதான் மேல் மாடியில உக்காந்து தேடிட்டிருக்கோம்."

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா அந்தப் பதிலையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நோய் வந்த நாளிலிருந்து சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்பவர் எல்லோரும் அவளுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள், தெரிந்துகொள்வதையே தொழிலாக வைத்திருக்கிற டாக்டர். அந்த ஒரு பேச்சில் அக்கா அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாள். ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள் என்று அடுத்த முறை சொல்லியும் விட்டாள்.

வேலைக்கு அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், கிரேனுக்கு இல்லை. சாமான் அறையில் உட்கார்ந்து ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே யாரும் அவளை மேல்வீட்டுக்காரி என்று கூப்பிடவில்லை. 'வாங்க, போங்க' என்று கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாளுகிற மாதிரி பேசினார்கள். கீழே நின்று கிரேனுக்குச் சைகை சொல்லும் சிக்னல்காரர் பல வருஷம் அவளோடு வேலை செய்தவர். அவரே இன்ஜினியரிடம், அந்தம்மா மறுபடி மேலே போனால் எனக்கு வேறு சைட் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னது காற்றுவாக்கில் அவள் காதுக்கு வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதில் தப்பில்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் கோபப்படுவது என் இலாகா என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டேன்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக நோய் தலைகாட்டவில்லை. லைசென்ஸைத் திருப்பித் தரலாமா என்று முடிவு செய்ய ஒரு மருத்துவக் குழு உண்டு. அக்கா அதற்கு மனுப் போட்டாள். டாக்டரும் முழு மனதோடு பரிந்துரை செய்தார். குழு உட்காருவதற்கு முன் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து முடிவை அனுப்ப வேண்டும். இந்த மருந்து கொஞ்சம் முரட்டுப் பேர்வழி. குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து குறுகல். அக்கா அந்தச் சந்தில் ஒழுங்காக நடக்கிறாள் என்று காட்டினால், கூண்டுக்குத் திரும்பலாம்.

அதே சமயத்தில்தான் மேல்மாடி ஆராய்ச்சிக்கும் அழைப்பு வந்தது. பைபோலார் உள்ளவர்களின் மூளை ரசாயனத்தையும், அந்த நோய் இல்லாத அவர்களுடைய உடன்பிறப்புகளின் மூளை ரசாயனத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி. அக்கா வந்தால் நானும் வர வேண்டும். நோயில்லாத ஆள் என்ற கணக்கில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் என் கொடிதான் பறந்தது. யாராவது என் பேச்சை மறுத்தால், ஆராய்ச்சி டாக்டரே ஒப்புக்கொண்ட மூளை இது என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவேன். ஒப்பிடுவதற்கு ஒரு சாதாரண மூளை வேண்டும் என்று கேட்டார்கள், நீ கிடைத்தாய் என்று அக்கா வாரிவிட்டாள்.

ஆராய்ச்சிக்குப் போன நாளில் இரண்டு பேரையும் நீளமான இயந்திரத்துக்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் பிடித்தார்கள். பிறகு ரத்தம். ரத்தம் எடுத்த நர்ஸ் அந்தப் பிரிவுக்குப் புதிது. முகம் பார்த்துப் பேசுகிற, கை பதமான பெண். குழுவுக்கு அனுப்ப வேண்டிய ரத்தத்தைக் கீழே பொது அறையில்தான் கொடுக்க வேண்டும். அங்கே நின்ற வரிசையைப் பார்த்தே எங்களுக்கு மூச்சு முட்டியது. ஒரே நாளில் இரண்டு தடவை குத்துவானேன், இதிலிருந்தே அதற்கும் அனுப்பிவிடுகிறேன் என்று நர்ஸ் சொன்னதும் அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அடுத்து என் முறை. ஊசியைப் பார்த்ததும் என் வீரமெல்லாம் பறந்தது. நான் கையை வெடுக்கென்று இழுக்க, ரத்தம் பிடிக்கிற குழாய் பாதி நிறைவதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. பரவாயில்லை, இது போதும் என்று நர்ஸ் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அக்கா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

குழு உட்கார்ந்த நாளில் நானும் அம்மாவும் அக்காவோடு போனோம். நீள மேஜை, தண்ணீர் ஜாடி, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் குரலை உயர்த்தாத மனிதர். அவர் அக்காவிடம் வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்டார், அவள் நன்றாகவே பதில் சொன்னாள். பிறகு ரத்த முடிவைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டிய அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது, இது விஷ அளவு என்றார்.

மாத்திரையைத் தப்பாக விழுங்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. மறந்துபோய் இரண்டு தடவை? இல்லை. மனம் சரியில்லாமல் வேண்டுமென்றே? இல்லை சார் என்றாள், அதே குரலில். தலைவர் கொடுமைக்காரர் இல்லை. விளக்கம் இருந்தால் அடுத்த அமர்வுக்கு முன் கொடுங்கள், இல்லையென்றால் லைசென்ஸ் நிரந்தரமாக ரத்தாகும், சாமான் அறை வேலைக்கு எந்த ஆபத்தும் வராது என்று ஆறுதல் மாதிரி சொன்னார். அந்த ஆறுதல்தான் அக்காவின் முகத்தை வாடச் செய்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் போய் நின்றாள். தினமும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அம்மா. கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் அவள். மாத்திரை கொடுத்ததை மறந்துவிட்டு மறுபடியும் கொடுத்திருப்பேனோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. என் கையால பெத்த பொண்ணுக்கு விஷத்தைக் குடுத்துட்டேனே என்று அடுப்பைப் பார்த்து அழுதாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நீ என்ன சொல்கிறாய், நீ சரியாகத்தானே எடுத்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

"நான் சரியா இருக்கேன்னுதான் எனக்குத் தோணுது," என்றாள். "ஆனா அப்பவும் எனக்கு அப்படித்தானடி தோணுச்சு."

இந்த நோயின் கொடுமை எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது. கை உடைந்தவன் கையை நம்பமாட்டான், தலையை நம்பலாம். இவள் எதை நம்புவாள்? நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நம்புகிறேன், எனக்கு டாக்டர் ஒப்புக்கொண்ட மூளை என்றேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது, நன்றாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் போய் நின்றோம். குழுவின் முடிவைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். அக்காவைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள், விரல் ஒன்றுகூட நடுங்கவில்லை. கோட்டில் நடக்கிற மாதிரி நடக்கச் சொன்னார். கிரேனின் நீட்டிய இரும்புக் கை மேல் நடந்து பழகியவளுக்கு அறைத் தரையில் நடப்பது ஒரு வேலையா? வாந்தி, தலைசுற்றல், நாக்குக் குழறல் எதுவும் உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை.

"இந்த அளவோட வர்றவங்களை நாங்க ஸ்ட்ரெச்சர்லதான் பார்ப்போம். நீங்க மாடிப்படி ஏறி வந்து நிக்கறீங்க. இந்த நம்பரை நான் நம்பல," என்றார்.

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவளையே அவள் நம்பாமல் இருந்த இடத்தில், அவளை நம்பி வேறொருவர் வந்து நின்றுவிட்டார்.

ரத்தம் எடுத்த அன்று என்ன நடந்தது என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் சாப்பிட்டது, முந்தின ராத்திரி மாத்திரை போட்ட நேரம், எந்த அறை, யார் எடுத்தது. மேல்மாடியில் எடுத்தார்கள் என்றதும் அவர் தலை நிமிர்ந்தது. நர்ஸை வரச் சொன்னார். அவள் ஒளிக்கவில்லை. அக்காவுக்கு இரண்டு ஊசி வேண்டாம் என்று, ஆராய்ச்சிக்கு எடுத்த குழாயிலிருந்தே அதற்கும் அனுப்பினேன் என்றாள். எந்தக் குழாய் என்றார் டாக்டர். பச்சை மூடி போட்டது என்றாள்.

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. ரத்தக் குழாய்களுக்கு வெவ்வேறு நிற மூடி உண்டாம். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, உள்ளே முன்கூட்டியே ஒரு மருந்தைப் பூசி வைத்திருப்பார்கள். அந்த மருந்தில் சேர்ந்திருப்பது வேறு எதுவும் இல்லை, லித்தியம். மற்ற சோதனைகளுக்கு அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. லித்தியத்தையே அளக்கப் போனால் மட்டும், ஆள் உடம்பில் இருப்பதோடு குழாயில் இருப்பதும் சேர்ந்து வந்து நிற்கும். உலகத்தில் இருக்கிற ஆயிரம் மருந்தில் அக்காவின் மருந்து ஒன்றுக்குத்தான் அந்தக் குழாய் ஆகாது. அந்தக் குழாயில்தான் அன்பாக எடுத்து அனுப்பியிருக்கிறாள் அந்தப் பெண்.

நர்ஸ் முகம் வெளிறிவிட்டது. அவளைத் திட்டுவதற்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே செஞ்சே என்றாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

உடனே சரியான குழாயில் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலமே முடிவு வந்தது. அளவு சந்தின் நட்டநடுவில் நின்றது. வீட்டுக்கு ஓடிப் போய் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். டாக்டர் குழுத் தலைவருக்குப் போன் செய்தார். பேசப் பேச அவர் முகம் இறுகியது. தலைவர் சொன்னது இதுதான்: குழாய் விஷயம் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் அன்றைக்கு ஒருவர் நிஜமாகவே அதிகமாக விழுங்கி, பிறகு மாத்திரையை நிறுத்தியிருந்தாலும் இன்றைக்கு அளவு இறங்கித்தான் இருக்கும், அதனால் இன்றைய முடிவு அன்றைக்குச் சாட்சி ஆகாது. நடந்திருக்கலாம் என்பதை நம்பி ஒருவரை அந்த உயரத்தில் உட்கார வைக்க முடியாது, கீழே மனிதர்கள் நடமாடுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான். நான் யோசித்துப் பார்க்கவில்லை. அந்த ஆளுக்கு இதயம் இருக்கிற இடத்தில் மேஜை டிராயர் இருக்கிறது என்று சொன்னேன்.

டாக்டர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"உங்க ரத்தம் எங்ககிட்ட இருக்குல்ல," என்றார்.

"என் ரத்தமா? நான் என்ன பண்ணேன் டாக்டர்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. அதனாலதான் வேணும்."

ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்ததே ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அதே நாள், அதே அறை, அதே நர்ஸ், அதே பச்சை மூடி. நான் லித்தியத்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி. அன்றைக்கு எடுத்த என் ரத்தம் மேல்மாடி உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதில் லித்தியம் எவ்வளவு என்று பார்த்தால், குழாய் தன் பங்குக்கு எவ்வளவு சேர்க்கிறது என்று தெரிந்துவிடும். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கிரேனில் எடை காட்டுகிற முள் மேல் சந்தேகம் வந்தால் அவர்களும் இதைத்தான் செய்வார்களாம். சுமையைக் கழற்றிவிட்டு வெறும் கொக்கியைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்போதும் முள் எடை காட்டினால் கோளாறு முள்ளில்.

"அப்ப நான்தான் வெறும் கொக்கியா?" என்று கேட்டேன்.

"இத்தனை நாள்ல இன்னிக்குத்தாண்டி உன்னால ஒரு பிரயோஜனம்," என்றாள் அக்கா.

மறுநாள் என் முடிவு வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், நர்ஸிடம் காட்டினார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டாக்டர், அத்தனை படித்த மனுஷி, மேஜையில் கவிழ்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத என் ரத்தத்தில், அக்காவுக்குக் காட்டியதைவிட அதிக லித்தியம் இருந்தது. நான் பயந்து கையை இழுத்ததால் குழாய் பாதிதான் நிறைந்தது. கொஞ்ச ரத்தத்தில் அதே அளவு மருந்து கலந்தால் அளவு ஏறத்தானே செய்யும்? என் கோழைத்தனம்கூடச் சாட்சி சொல்லிவிட்டது.

அன்று வீட்டுக்கு நாங்கள் நடந்து போகவில்லை, பறந்தோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் மூச்சிரைக்கச் சொன்னது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்து, அம்மா, நீ ஒரு மாத்திரைகூடத் தப்பாக் குடுக்கல என்று மட்டும் சொன்னாள். அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமாகப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அவை ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்கள்.

அடுத்த அமர்வில் டாக்டரே வந்து உட்கார்ந்தார். தலைவரிடம் இரண்டு முடிவுகளையும் கொடுத்தார். அவர் என் பெயருக்கு எதிரே இருந்த அளவைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, எத்தனை வருஷமாக மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கவலையோடு கேட்டார். நான் எழுந்து நின்று, எடுப்பதே இல்லை சார், நான் செருப்புக் கடையில் வேலை செய்கிறேன் என்றேன். டாக்டர் விளக்கினார். தலைவர் குறுக்குக் கேள்வி கேட்டார். பாதிக் குழாய் விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அவருக்கு இப்போது விஷயத்தில் ருசி வந்துவிட்டது என்று நினைக்கிறேன், கடைசியில் அவரே மற்ற இருவருக்கும் அதை விளக்க ஆரம்பித்துவிட்டார். இதயம் இருக்கிற இடத்தில் டிராயர் என்று நான் சொன்னதை மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

பிறகு அவர் அக்காவிடம் திரும்பினார். இனி ஒருநாள் உங்களுக்கு மறுபடி தலை வேகமெடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"போன தடவை செஞ்சதைத்தான் சார். சுமையை இறக்கி வச்சுட்டு நானும் இறங்கிடுவேன்."

தலைவர் முன்னால் இருந்த காகிதங்களை மூடி வைத்தார். போன தடவை நடந்ததை ஒரு விபத்து என்று இத்தனை நாள் எண்ணியிருந்ததாகவும், அன்றைக்கு அங்கே விபத்து எதுவும் நடக்கவில்லை என்பது இப்போதுதான் தனக்கு உறைப்பதாகவும் சொன்னார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். ரத்தப் பரிசோதனை ஒழுங்காகத் தொடர வேண்டும், சரியான குழாயில், என்ற நிபந்தனையோடு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். மருத்துவமனையிலும் அதன்பிறகு லித்தியம் பார்க்கிற ரத்தத்தைப் பச்சை மூடியில் வாங்கவே கூடாது என்று புது நர்ஸ்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்களாம். சொல்லிக் கொடுப்பவள் அதே நர்ஸ்தான்.

அக்கா மறுபடி மேலே ஏறிய காலையில் நான் கடைக்கு லீவு போட்டேன். நானும் அம்மாவும் சைட் வேலிக்கு வெளியே, நடைபாதையில் நின்றோம். சைட் இன்ஜினியர் எங்களைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் வந்து நின்றார். அவர் கையில் இருந்த வாக்கி-டாக்கியில் பேசுவது எங்களுக்கும் கேட்டது. அக்கா ஏணிக்குள் புகுந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கூண்டுக்குள் போய் மறைந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு ரத்த ஓட்டமே நின்றுவிட்டது. நான் கையை இழுக்கவில்லை.

முதல் சுமை ஜன்னல் கண்ணாடிகள். கீழே கொக்கி மாட்டிக் காத்திருந்தவர், வேறு சைட் கேட்ட அதே சிக்னல்காரர். மாற்றல் கிடைக்கவில்லையா, அவரே வேண்டாம் என்றாரா, எனக்குத் தெரியாது. அவர் மேலே பார்த்து, தூக்கலாம் என்றார். கண்ணாடிக் கட்டு தரையை விட்டு எழும்பியது. துளி ஆடவில்லை. வெயிலைத் தெருவெல்லாம் வாரி அடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறியது. நடைபாதையில் போன இரண்டு மூன்று பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். மேல்மாடியில் காத்திருந்த கைகளுக்கு நடுவில் அது போய் அமர்ந்தபோது சத்தமே வரவில்லை.

வாக்கி-டாக்கியில் சிக்னல்காரர் குரல் வந்தது.

"சரியா உக்காந்துடுச்சு. அடுத்தது மாட்டட்டுமா?"

"மாட்டுங்க," என்றாள் அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. அதில் வாங்க, போங்க என்ற பயம் இல்லை, பாராட்டு இல்லை, பரிதாபம் இல்லை. வேலை தெரிந்த ஒருவர் வேலை தெரிந்த இன்னொருவரிடம் அடுத்த சுமையைக் கேட்கிறார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் அழுதேன். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் பதறிப்போய் என் தோளைத் தொட்டு, என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "எங்க அக்கா வேலைக்குப் போயிருக்கா."